சங்கம் வைத்து நாட்டுப்பாட்டு உண்டாக்க முடியுமா? யூதர்களின் இசையை முன்வைத்து

வாசகர் ஒருவரின் கேள்வி, பிப்ரவரி 3

1908-ல் ரஷ்யாவில் கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில், படித்த சில இளைஞர்கள் சங்கம் வைத்து "யூத நாட்டுப்புற இசை" என்று ஒன்றைக் கிளப்பினார்கள். பியானோ, வயலின், கச்சேரி மண்டபம், அச்சடித்த நோட்டு எல்லாம் உண்டு. நாட்டுப்பாட்டு என்பது வீட்டிலும் தெருவிலும் தானாக முளைப்பது. உட்கார்ந்து செய்தால் செயற்கைதானே? இதை ஏன் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள்?

பிப்ரவரி 4, காலை

"நாட்டுப்புற" என்ற அந்தச் சொல் அவர்கள் வைத்ததே இல்லை. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அனுமதி கேட்டுப் போனபோது அவர்கள் எழுதிக்கொடுத்த பெயர் "யூத இசைச் சங்கம்". நகர ஆளுநர் ஜெனரல் திராச்செவ்ஸ்கி, யூத இசை என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்டாராம். பிறகு, ஒடெஸாவில் ஒரு யூதக் கல்யாணத்தில் கேட்ட மெட்டு அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. அது நாட்டுப்பாட்டு, ஆகவே "யூத நாட்டுப்புற இசைச் சங்கம்" என்றே வையுங்கள் என்று சொல்லிவிட்டார். சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சலமோன் ரொசோவ்ஸ்கி சொல்லிச் சென்ற கதை இது.

அதனால் உங்கள் கேள்வியில் பாதி அந்த அதிகாரிக்குப் போக வேண்டியது. மீதிப் பாதிக்கு இரவு வருகிறேன்.

பிப்ரவரி 4, இரவு

இவர்களுக்கு முதலில் தெம்பு கொடுத்தது, கன்சர்வேட்டரியில் ஆசிரியராக இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவ். எஃப்ராயிம் ஷ்க்லியார் என்ற மாணவர் யூத மெட்டில் ஒன்றை எழுதிக் காட்டியபோது, யூத இசை தன் கிளிங்காவுக்காகக் காத்திருக்கிறது என்றார். கிளிங்கா என்றால் ரஷ்ய இசைக்கு ரஷ்ய முகம் கொடுத்தவர். ரஷ்யர்கள், செக்குகள், நார்வேக்காரர்கள் எல்லோரும் தங்கள் கிராமத்து மெட்டுகளை எடுத்துக் கச்சேரி இசை செய்துகொண்டிருந்த காலம். அதே கன்சர்வேட்டரியில் படித்த யூதப் பையன்களுக்கு மட்டும், வீட்டில் கேட்டதை மறந்துவிட்டு வருவதுதான் படிப்பு என்று இருந்தது. அந்த வலியிலிருந்து பிறந்த சங்கம் இது. செயற்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடாதீர்கள்.

சங்கத்தை நிறுவியவர் யோயல் எங்கல். அவரிடமிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. 1900 நவம்பரில் மாஸ்கோ பாலிடெக்னிக் அருங்காட்சியகத்தில் யூத நாட்டுப்பாடல் பற்றிப் பேசி, பாடவும் வைத்தார். மறு ஆண்டு பெசாக் மாரெக்கும் சவுல் கின்ஸ்பர்கும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யித்திஷில் 376 பாடல்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அதில் வார்த்தைகள் மட்டும்தான். மெட்டு கிடையாது. பாட்டை எழுதிவிட்டு மெட்டை விட்டுவிடுவது என்றால் எங்கலுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதே 1901-ல் ஒரு சண்டை. கீவில் வக்கீலாக இருந்த மார்க் வர்ஷாவ்ஸ்கி யித்திஷில் பாட்டுக்கட்டிப் பாடுவார். எழுத்தாளர் ஷோலெம் அலைகெம் அவரைக் கண்டுபிடித்து, இவை அசல் மக்கள் பாட்டு என்று ஊர் ஊராக அழைத்துப் போனார். எங்கல் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று ஒரு வக்கீல் எழுதியது எப்படி நாட்டுப்பாட்டு ஆகும், மெட்டுகளும் அங்கங்கே எடுத்தவை என்று பத்திரிகையில் எழுதினார். ஷோலெம் அலைகெம் கோபமாகப் பதில் எழுதினார். இதில் நான் எங்கல் பக்கம். ஆள் தெரிந்த பாட்டு வேறு, நாட்டுப்பாட்டு வேறு.

பிப்ரவரி 7

திருத்தம். சங்கத்தை நிறுவியவர் எங்கல் என்று எழுதிவிட்டேன், தவறு. அவர் மாஸ்கோவில் இசை விமர்சகராக இருந்தார். பீட்டர்ஸ்பர்க் சங்கத்தை நடத்தியவர்கள் ரொசோவ்ஸ்கி, லசாரே சமின்ஸ்கி போன்ற இளையவர்கள். பிறகு மாஸ்கோக் கிளை வந்தபோதுதான் எங்கல் அதற்குத் தலைமை ஏற்றார். வழிகாட்டியவர் என்று சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 9

உட்கார்ந்து செய்தார்கள் என்று கேட்டவருக்கு: உட்காரவில்லை, ஊர் ஊராக நடந்தார்கள். 1912 கோடையில் எழுத்தாளர் ஆன்-ஸ்கி, யூத நாட்டார் வழக்குகளைச் சேகரிக்க, ஒரு குழுவோடு உக்ரைனில் வொலினியா, பொடோலியா பக்கத்துச் சிற்றூர்களுக்குக் கிளம்பினார். இசைக்கு எங்கல், படம் எடுக்க சலமோன் யுடோவின். அடுத்த பயணங்களில் இசைப் பொறுப்பு ஜினோவி கிசெல்கோஃபுக்கு வந்தது. அவர் பள்ளி ஆசிரியர். மூன்று கோடைகள் போனார்கள், 1914-ல் போர் வந்து நின்றது. மனித வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து சாவு வரை பிடித்துவிட ஆன்-ஸ்கி அச்சடித்த கேள்வித்தாளில் 2,087 கேள்விகள்.

கையோடு ஒரு ஃபோனோகிராஃப். அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மெழுகு உருளை, ஏறக்குறைய ஒரு டம்ளர் பருமன். பாடுகிறவர் ஒரு கொம்புக்குள் வாயை வைத்துச் சத்தமாகப் பாட வேண்டும். குரலின் அதிர்வு ஊசியில் ஏறி மெழுகைக் கீறும். இரண்டு மூன்று நிமிஷத்தில் உருளை முடிந்துவிடும். நீளமான பாட்டாக இருந்தால் பாதியில் நிறுத்த வேண்டியதுதான். போட்டுக் கேட்கக் கேட்க ஊசி மெழுகைத் தேய்த்துக்கொண்டே போகும். கேட்பதும் அழிப்பதும் ஒரே வேலை. ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டாமலும் இருக்க முடியாது. தன் குரலைப் பெட்டியில் கேட்ட பிறகுதான் அடுத்தவர் பாட முன்வருவார்.

இதைப் படித்தபோது என் பாட்டி ஞாபகம் வந்தாள். 1994-ல் நான் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரோடு ஊருக்குப் போய் அவளைத் தாலாட்டும் ஒப்பாரியும் பாடச் சொன்னேன். ஒப்பாரி பாட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். யாரும் சாகாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. தாலாட்டு மட்டும் பாடினாள், அதுவும் மடியில் ஒரு தலையணையைப் போட்டுத் தட்டிக்கொண்டே. கை ஆடாமல் பாட்டு வரவில்லை அவளுக்கு. எங்கலின் கொம்புக்கு முன்னால் நின்றவர்களும் என்னவெல்லாம் இல்லாமல் பாடியிருப்பார்களோ. கல்யாணப் பந்தல் இல்லாமல், ஓய்வுநாள் சாப்பாட்டு மேஜை இல்லாமல்.

பிப்ரவரி 10

யூத மெட்டு என்றவுடன் நம் காதில் விழுவது ஒரு சுரவரிசை. யித்திஷில் அதற்கு ஃப்ரைகிஷ் என்று பெயர். தொழுகைக் கூடத்தில் அதே வரிசைக்கு அகவா ரபா. கேட்ட மாத்திரத்தில் மாயாமாளவகௌளை என்று தோன்றும். சரளி வரிசை பாடினவர்கள் எல்லோருக்கும் அது தோன்றாமல் இருக்காது.

பிப்ரவரி 15

வயலினை எடுத்து வாசித்துப் பார்த்தேன். மாயாமாளவகௌளை இல்லை. சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம் வரை சரி. சுத்த தைவதமும் சரி. நிஷாதம் காகலி இல்லை, கைசிகி. ஆக வகுளாபரணம், 14-வது மேளம். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய தாண்டல் காதை இழுத்துக்கொண்டு போய்விட்டது, மேலே நிஷாதத்தை நான் கவனிக்கவே இல்லை.

அப்புறம் இன்னொன்று இருக்கிறது, மி ஷெபெராக் என்பார்கள். சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். அப்படியே ஹேமவதி. உக்ரைனிலும் ருமேனியாவிலும் கிராமத்து வாத்தியக்காரர்களிடமும் உண்டு. சுரவரிசை ஒன்றானால் ராகம் ஒன்றாகிவிடாது என்று எல்லோருக்கும் தெரியும். இந்த மெட்டுகளில் நம் கமகம் கிடையாது, அவர்களுக்கென்று ஒரு விம்மல் இருக்கிறது. கிரெக்ட்ஸ் என்று பெயர், முனகல் என்று அர்த்தம். சுரத்தைப் பிடித்து, முடியும் நொடியில் மேல் சுரத்தை விரல் தொட்டும் தொடாமலும் மூச்சை அறுப்பதுபோல் அறுக்க வேண்டும். அழுகிற குழந்தை நடுவில் ஒரு தரம் விக்குமே, அந்தச் சத்தம். எனக்கு ஒரு வாரமாக வரவில்லை. என் விரல் உடனே ஜாருவில் வழுக்கி இறங்கிவிடுகிறது.

இந்தச் சங்கத்துக்காரர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் யோசெஃப் அக்ரோன். 1911-ல் அவர் எழுதிய "எபிரேய மெட்டு" ஐந்தாறு நிமிஷம்தான். சிறுவயதில் வார்ஸாவில் ஒரு தொழுகைக் கூடத்தில் கேட்ட மெட்டை வைத்துக் கட்டியது. வயலின் மேதை ஹைஃபெட்ஸ் வாசிப்பில் நான் முதலில் கேட்டேன். வயலின் கீழே இருண்ட சுரங்களில் ஆரம்பிக்கிறது, ஒருவர் தனக்குத் தானே பாடிக்கொள்வதுபோல. பிறகு அதே மெட்டு மேலே போகும்போது ஒரு கூட்டமே சேர்ந்துகொள்கிறது. கச்சேரி மண்டபத்துக்கு எழுதியதுதான். ஆனால் அந்தப் பையன் தொழுகைக் கூடத்தில் நின்று கேட்டது பொய்யா?

பிப்ரவரி 21

சங்கத்துக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது, 1915 வாக்கில். சமின்ஸ்கி ஒரு பக்கம், எங்கல் ஒரு பக்கம்.

சமின்ஸ்கி சொன்னது: வீட்டில் பாடும் யித்திஷ் பாட்டு அண்டை அயலாரிடமிருந்து வந்த கலப்படம். உக்ரைன், போலந்து, ஜெர்மனி எல்லாம் அதில் இருக்கிறது. நமக்கு இவ்வளவு பிடித்த ஃப்ரைகிஷ் வரிசையே வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது. தேசிய இசை கட்ட வேண்டுமென்றால் யூத வேதத்தை ஓதும் பழைய ஓதல்முறையிலிருந்து கட்டுங்கள். எங்கல் சொன்னது: மக்கள் வாயில் எது இருக்கிறதோ அது அவர்களுடையது.

நான் பல வருஷம் சமின்ஸ்கியின் வாதத்தில் மயங்கியிருந்தேன். பழையது, தூய்மையானது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அதில் பலனும் இருந்தது, மறுக்க முடியாது. ரொசோவ்ஸ்கி பிற்காலத்தில் ஓதல்முறையிலேயே மூழ்கி 1957-ல் ஒரு பெரிய நூல் கொண்டுவந்தார். ஆனால் தூய்மையைத் தேடிக்கொண்டே போனால் கடைசியில் ஜனங்கள் வீட்டில் பாடும் பாட்டு எதுவும் தேறாது. அம்மா பாடின தாலாட்டில் உக்ரைன் சாயல் இருந்தால் அவள் பிள்ளையைத் தூங்க வைக்கவில்லை என்றாகிவிடுமா?

மார்ச் 2

பிப்ரவரி 4 இரவு வர்ஷாவ்ஸ்கி விஷயத்தில் எங்கல் பக்கம் என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

எங்கல் சமின்ஸ்கியிடம் சொன்ன பதிலை, பதினான்கு வருஷம் முன்னால் எங்கல் ஷோலெம் அலைகெமிடம் சொன்னதோடு சேர்த்துப் படித்தேன். முன்னாலே "இது மக்களிடமிருந்து வந்ததா" என்று பிறந்த இடத்தைக் கேட்டார். பின்னாலே "மக்கள் இதைப் பாடுகிறார்களா" என்று இருக்கும் இடத்தைக் கேட்கிறார். இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. அந்த அளவுகோலில் வர்ஷாவ்ஸ்கி ஜெயித்துவிட்டார்.

அவருடைய ஒரு பாட்டு, "ஓய்ஃபன் பிரிபெச்சிக்". அடுப்பில் சின்னதாக நெருப்பு எரிகிறது, அறை கதகதப்பாக இருக்கிறது, ரெபே, அதாவது வாத்தியார், குழந்தைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார். அவ்வளவுதான். உலகம் முழுக்க யூத வீடுகளில் யார் எழுதியது என்று தெரியாமலே பாடினார்கள். நாஜிகள் அடைத்துவைத்த கோவ்னோ கெட்டோவில் அதே மெட்டுக்கு வேறு வார்த்தை போட்டார்கள். அடுப்பில் எரிந்த நெருப்பு கெட்டோவின் வாசலில் எரிகிறது. வெளியே வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களைச் சோதனை போடும் வாசல். பாட்டியின் பாட்டு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் மட்டுமே அப்படி மாற்றிப் பாட முடியும். எழுதியவர் பெயர் மறந்து, மெட்டு நின்று, வார்த்தையை அவரவர் தேவைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். இதற்கு மேல் நாட்டுப்பாட்டு என்றால் என்ன?

சங்கத்துக்காரரான மோசே மில்னரும் 1914-ல் அதே காட்சியை எழுதியிருக்கிறார், "பள்ளியில்" என்ற பாட்டு. ரெபே, பையன், முதல் எழுத்து. அழகான வேலை, பாடகர் குரலிலேயே ரெபேயும் பையனும் மாறி மாறி வருவார்கள். கச்சேரிகளில் பாடுகிறார்கள். வீட்டில் குழந்தைக்குப் பாடுவது வக்கீலின் பாட்டைத்தான்.

மார்ச் 3

மேலே எழுதியது மில்னருக்கு நியாயமாகப் படவில்லை. வீட்டில் பாடாததால் அவர் பாட்டு குறைந்துவிடாது. இரண்டுக்கும் வேலை வேறு.

மார்ச் 11

"உட்கார்ந்து உண்டாக்கியது" என்பதற்கு உண்மையான உதாரணம் வேண்டுமென்றால் பீட்டர்ஸ்பர்க்கை விட்டுவிட்டுப் பாலஸ்தீனத்துக்கு வாருங்கள். அங்கே நிஜமாகவே தேவைக்குச் செய்தார்கள். பல நாட்டிலிருந்து வந்தவர்கள், பொதுவாக எபிரேயம் பேச வேண்டும், சேர்ந்து பாட ஒன்றும் கிடையாது. விதைப்புக்கு, அறுவடைக்கு, முதல் மழைக்கு, கிணற்றில் தண்ணீர் வந்ததற்கு என்று இசையமைப்பாளர்கள் பாட்டுப்போட்டார்கள். ஆட்டத்தையும் அப்படியே அமைத்தார்கள். 1937-ல் தண்ணீர் கிடைத்ததைக் கொண்டாட அமைத்த ஆட்டத்தை இன்று வேறு நாட்டுப் பள்ளிகளில்கூட யூத நாட்டுப்புற ஆட்டம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். 1944-ல் தாலியா கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணையில்) குரித் காத்மான் நாட்டுப்புற ஆட்டத்துக்கு விழாவே எடுத்தார்.

ஹவா நகிலா எல்லோருக்கும் தெரியும். ஹசித் என்ற யூத பக்திப் பிரிவினர் வார்த்தை இல்லாமல் பாடிய ஒரு நிகுன் அது, சாதிகுரா என்ற ஊர் வழியில் வந்தது. ஏபிரகாம் ஸ்வி இடெல்சோன் ஜெருசலேமில் அதற்கு எபிரேய வார்த்தை போட்டுச் சேர்ந்திசைக்கு அமைத்தார். பழைய மெட்டு, புது வார்த்தை, தெரிந்த ஆள். ஆயிரம் வருஷத்துப் பாட்டு என்று இன்றைக்கும் நம்புகிறார்கள். அதே இடெல்சோன் 1911 முதல் 1913 வரை ஜெருசலேமில் ஏமன், பாபிலோன், பாரசீகம் என்று பல நாட்டு யூதர்களின் ஓதலையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து, பின்னால் பத்துத் தொகுதிகளாக அச்சிட்டவர்.

இந்த இடத்தில் எனக்கு மனசு தங்குவது பிராகா ஸெஃபிராவிடம். ஏமன் யூதக் குடும்பத்தில் ஜெருசலேமில் பிறந்தவர். மூன்று வயதில் அப்பா அம்மா இல்லை. ஒவ்வொரு வீடாக வளர்ந்தார். பாரசீக யூதர் வீட்டில் அவர்கள் பாட்டு, சலோனிகாவிலிருந்து வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் அவர்கள் பாட்டு. பின்னாளில் அந்தப் பாட்டுகளை எல்லாம் நஹும் நார்தி, பவுல் பென்-ஹைம் போன்ற ஐரோப்பாவில் படித்த இசையமைப்பாளர்களிடம் கொண்டுபோய்ப் பாடிக் காட்டினார். பலருக்குச் சரக்கு கொடுத்த சுரங்கம் அந்த ஒரு பெண்ணின் ஞாபகம். வீடு வீடாக மாறிய அனாதைப் பெண்ணிடம் ஒரு தேசத்தின் பாட்டு சேர்ந்திருந்தது.

இதிலே ஒரு வருத்தமும் உண்டு, சொல்லாமல் விடக் கூடாது. எபிரேயத்துக்கு இடம் கொடுப்பதற்காக யித்திஷை ஒதுக்கினார்கள். எங்கலே 1924-ல் டெல் அவீவ் வந்து எபிரேயத்தில் குழந்தைப் பாட்டுகள் எழுதினார், மூன்று வருஷத்தில் இறந்துவிட்டார். அவர் தேடிப்போன ஊர்களின் மொழிக்கு அந்தப் புது ஊரில் மதிப்பில்லை.

மார்ச் 19

உருளைகள் என்ன ஆயின என்று கேட்டிருந்தார் ஒருவர்.

கீவில் மோய்செய் பெரகோவ்ஸ்கி என்று ஒருவர் இருந்தார். பிறந்தது 1892. 1929 முதல் இருபது வருஷம் கீவில் யூத இசைச் சேகரிப்புப் பிரிவைக் கட்டிக் காத்தார். ஆன்-ஸ்கி குழுவின் உருளைகளும் அங்கே வந்து சேர்ந்தன, அவரே ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்தவையும் சேர்ந்தன. யூதப் பாட்டும் உக்ரைன் பாட்டும் ஒன்றிடம் ஒன்று எதை வாங்கின என்று 1935-லேயே எழுதினார். சமின்ஸ்கி கலப்படம் என்று தள்ளியதை இவர் உட்கார்ந்து சுரம் சுரமாகப் பிரித்துக் காட்டினார்.

போர் முடியும் தறுவாயில், தப்பிப் பிழைத்தவர்களிடம் போய்ப் புதுப் பாட்டு கேட்டார். கெட்டோவில் கட்டியவை, செஞ்சேனையில் இருந்தவர்கள் கட்டியவை, மத்திய ஆசியாவுக்கு ஓடிப்போனவர்கள் கட்டியவை. 1949-ல் பிரிவை மூடினார்கள். 1950-ல் அவரைக் கைது செய்து சைபீரியா முகாமுக்கு அனுப்பினார்கள். 1955-ல் வெளியே வந்தார், 1961-ல் இறந்தார். தன் சேகரிப்பு என்ன ஆனதென்று நல்ல சேதி கேட்காமலே போனார்.

அழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தது 1990-களில் கீவ் வெர்னாட்ஸ்கி நூலகத்தில் வெளிப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெழுகு உருளைகள். 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. அந்தப் போர்க்காலப் பாட்டுகளிலிருந்து ஆன்னா ஷ்டெர்ன்ஷிஸும் பாடகர் ப்ஸோய் கொரொலென்கோவும் 2018-ல் ஓர் ஆல்பம் கொண்டுவந்தார்கள். பல பாட்டுகளுக்கு வார்த்தை மட்டும் தாளில் இருந்தது, மெட்டு இல்லை. அந்தக் காலத்தில் எல்லோர் காதிலும் இருந்த மெட்டுகளில் எது பொருந்தும் என்று பார்த்துப் போட்டார்கள். 1901 புத்தகத்தின் கதையேதான், மறுபடியும் வார்த்தை தங்கி மெட்டு போயிருக்கிறது.

மார்ச் 28

அமெரிக்காவில் கிளெஸ்மர் இசை, அதாவது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண வாத்திய இசை, மீண்டது பற்றியும் கேட்டார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியது. 1970-களில் சில இளைஞர்கள் பழைய 78 ஆர்பிஎம் ரெக்கார்டுகளைத் தேடினார்கள். ஆண்டி ஸ்டாட்மனும் ஸெவ் ஃபெல்ட்மனும் நியூயார்க்கில் வயதாகி மறக்கப்பட்டிருந்த கிளாரினெட் மேதை டேவ் தாராஸைத் தேடிப்போய்க் கற்றார்கள். 1978-ல் அவருக்காக ஒரு கச்சேரி வைத்தார்கள், கூட்டம் அலைமோதியது. கல்யாணத்துக்கு வாசித்த இசைக்கு அவர் காலத்திலேயே மரியாதை வந்ததைப் பார்த்துவிட்டுப் போனார். பெரகோவ்ஸ்கிக்கு அது வாய்க்கவில்லை.

நமக்குப் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டோம். கொச்சி, பரவூர், சேந்தமங்கலம் யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது பெட்டியில் பாட்டு நோட்டுப்புத்தகத்தையும் எடுத்துப் போனார்கள். கையால் எழுதிய மலையாளம், அம்மாவிடமிருந்து மகளுக்கு. 1970-களிலிருந்து பி. எம். ஜுஸ்ஸே போன்றவர்கள் தேடிச் சேகரித்தார்கள். 2005-ல் ஜெருசலேமில் எபிரேய மொழிபெயர்ப்போடு வந்த தொகுப்பின் பெயர் "கார்குழலி". எபிரேய எழுத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்தபோது யாரோ என்னை வாசலிலிருந்து கூப்பிட்டது மாதிரி இருந்தது. நமக்கு உரை வேண்டாத சொல்.

ஏப்ரல் 6

பாட்டியின் கேசட்டைப் பற்றி பிப்ரவரி 9-ல் முழுதாகச் சொல்லவில்லை.

அன்றைக்கு அவள் இரண்டு தாலாட்டு பாடி முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மூன்றாவதாக ஒன்று ஆரம்பித்தாள். சினிமாத் தாலாட்டு. பாட்டி, இது சினிமாப் பாட்டு, எனக்கு இது வேண்டாம் என்று சொல்லிப் பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டேன். கேசட்டில் இடம் வீணாகிறது என்று நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தலையணையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

வர்ஷாவ்ஸ்கியைப் பற்றி மாற்றி எழுதிய பிறகு மனசு கேட்கவில்லை. கேசட்டைத் தேடி எடுத்து, ஓடுகிற டெக் ஒன்றை நண்பர் வீட்டிலிருந்து வாங்கிவந்து போன ஞாயிறு போட்டேன். மூன்றாவது பாட்டு ஆறு விநாடி இருக்கிறது. ஒரு வரிகூட முடியவில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் சினிமாவில் இருக்கும் சொல் இல்லை. அந்த இடத்தில் என் தம்பியின் பெயர் இருக்கிறது, மெட்டும் அந்தப் பெயருக்காகக் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அடுத்த வரியை என்ன செய்திருந்தாள் என்று தெரியவில்லை. தம்பிக்கும் ஞாபகமில்லை. அப்போது அவனுக்கு ஒரு வயது.

டெக்கை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த ஆறு விநாடியைக் கணினியில் ஏற்றிவிட்டேன்.